ஒன்பது புள்ளி ஏழு எட்டு

மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. என்னிடம் வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர் ஜெர்லின் அனுப்பிய குரல் செய்தி அவ்வளவு நீளம். இரண்டாவது தடவையும் கேட்டாகிவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், எடுத்தால் கேட்டது உண்மையாகிவிடும் என்பதுபோல. எதிர்ச் சுவரில் 'சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கவும், இடையில் காபி டீ கூடாது' என்று ஒட்டியிருக்கிறார்கள். வேளச்சேரியில் நான் வழக்கமாகச் சர்க்கரை அளவு பார்க்க வரும் ரத்தப் பரிசோதனைக் கூடம். எட்டு பத்துக்கு இட்லி சாப்பிட்டேன், பத்து பத்துக்கு ஊசி, இப்போது மணி ஒன்பது ஐந்து. சாப்பிட்டது இரண்டே இட்லி, சட்னி இல்லாமல். மூன்று நாளாகச் சாயங்காலம் நடை வேறு. டெஸ்ட் என்றால் கொஞ்சம் பார்த்துத்தானே சாப்பிட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் ஆய்வுக் கட்டுரையின் கடைசி அச்சுப் படியை, புரூஃபைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடலாம் என்று மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால் கட்டுரை அச்சுக்குப் போகும். பெண்ணின் குரல் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, கடவுளே. 'மேம், ஜெர்லின் பேசுறேன். புரூஃப் பார்த்தேன் மேம், என் பேரு முதல்ல இருக்கு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பிட்டேன், அவங்க படகுச் சங்கத்துல எல்லார்ட்டயும் காட்டிட்டாங்க. அப்புறம் மேம், மூணாவது படத்துல நாலு புள்ளி கீழ கெடந்துச்சுல்லா, நீங்க சரி பண்ணவும்னு எழுதியிருந்தீங்கல்லா, அத எப்படி சரி பண்ணினேன்னு ஒங்கட்ட சொல்லவே இல்ல. மத்த பதினாறோட சராசரிய எடுத்து அந்த நாலு எடத்துல வச்சேன். ஆனா நாலையும் ஒரே நம்பரா வைக்கல மேம். நீங்க சொன்ன ஒம்பது புள்ளி ஏழு எட்டு கத ஞாபகம் வந்துச்சு. கொஞ்சம் முன்னப்பின்ன போட்டுட்டேன். கட்டுரையச் சரிபார்த்த ரிவ்யூவர்கூட ஒண்ணும் கேக்கல பாத்தீங்களா.' அதன்பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு செய்தி முடிகிறது.

காதுக்குள் ஒரு இரைச்சல், மிக்சி அரைத்து நிறுத்தியபிறகும் கேட்குமே அந்த மாதிரி. சராசரியை எடுத்து வைத்தாளாம். வைத்தாளாம்! என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: பூமி சூடேறிக்கொண்டே போகிறது, வானத்தின் மேலடுக்கில் கந்தகத் துகளைத் தூவிவிட்டால் கொஞ்சம் வெயில் திரும்பிப் போகும், பூமி குளிரும் என்று உலகத்தில் சிலர் திட்டம் போடுகிறார்கள், அப்படித் தூவினால் நம் ஊர் மழை என்ன ஆகும் என்று கம்ப்யூட்டருக்குள் ஒரு பூமியை ஓடவிட்டுப் பார்க்கிறேன். இருபது தடவை ஓடவிட்டோம். ஒரு ஓட்டத்துக்கு ஒரு புள்ளி. பதினாறு புள்ளிகள் கோட்டை ஒட்டி உட்கார்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்றும் ஆகாது என்றன. நாலு மட்டும் கீழே, வெகு கீழே கிடந்தன. புரூஃபில் நாலும் மேலே ஏறிவிட்டன. கட்டுரையின் கடைசி வரி, நான் எழுதிய வரி, 'துகள் தூவுவதால் வடகிழக்குப் பருவமழையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.' அடுத்த மாதம் திறந்தவெளியில் தூவிப் பார்க்கலாமா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் இந்த வரியை மேஜைமேல் வைக்கப்போகிறார்கள். தென்னிந்திய மழையைப் பற்றி அவர்கள் கையில் இருக்கும் ஒரே கட்டுரை இது. வைத்துவிட்டுத் தூவுவார்கள். தஞ்சாவூரில் ஐப்பசி வரும், கார்த்திகை வரும், மழை வராது. ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நாலு புள்ளிகளை ஒரு பெண் முன்னப்பின்ன போட்டுவிட்டாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறேன். பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னைப் பார்த்து, 'ஃபேன் போடச் சொல்லட்டுமாம்மா?' என்கிறார். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன்.

சரி பண்ணவும். ஆமாம், எழுதினேன். வரைவுக் கோப்பில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இந்த நாலும் சரியில்லை. சரி பண்ணவும். - த.' த என்றால் தமயந்தி, அதாவது நான், இருபத்தொன்பது வருஷ அனுபவம், இதுவரை பதினோரு இளம் ஆய்வாளர்களுக்குக் கைப்பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் என்று மேடையில் அறிமுகம் செய்வார்களே, அந்தத் தமயந்தி. நான் நினைத்தது என்ன? ஏன் கீழே கிடக்கின்றன என்று தேடு, அலகு மாறியிருக்கிறதா பார், கோப்பு கெட்டிருக்கிறதா பார், தேவையானால் அந்த நாலையும் திரும்ப ஓட்டு. இவ்வளவும் நினைத்தேன். எழுதியது இரண்டே வார்த்தை. குழாய் ஒழுகினால் சரி பண்ணு என்கிறோம், புடவை மடிப்பைச் சரி பண்ணு என்கிறோம், கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கிற சம்பந்தியை எப்படியாவது சரி பண்ணு என்கிறோம். இதில் எந்தச் சரி பண்ணுவில் காரணத்தைத் தேடு என்று இருக்கிறது? ஒழுகக் கூடாது, கசங்கக் கூடாது, முறைக்கக் கூடாது, அவ்வளவுதான். அவளும் அவ்வளவுதான் செய்தாள். இல்லை, இல்லை, நான் ஏன் அவளுக்காக வாதாடுகிறேன்? இருபத்து மூன்று வயசு, எம்.எஸ்சி. முதல் வகுப்பு, அளந்த எண்ணை மாற்றக் கூடாது என்று தெரியாதா? இதைக்கூடவா சொல்லிக்கொடுப்பார்கள்? அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே எனக்குச் சம்பளம். கோபம் ஒரு பக்கம் கிளம்பினால் வட்டமடித்து என் மடியிலேயே வந்து விழுகிறது.

கேட்டிருக்கலாமே அவள். 'எப்படிச் சரி பண்ணணும் மேம்?' என்று ஒரு வார்த்தை. கேட்கமாட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும், இந்த நிமிஷம் வரை தெரியாத மாதிரி இருந்தேன். கேட்டவன் அப்சல். கட்டுரையில் மூன்றாவது பெயர், ஜெர்லினோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன், மெலிசான குரல். ஜனவரியில் வேறு ஒரு படத்துக்கு இதே மாதிரி எழுதியிருந்தேன். என் அறை வாசலில் நின்று, 'மேம், சரி பண்ணவும்னா என்ன பண்றது? எது சரின்னு எப்படித் தெரியும்?' என்று கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி. எது சரி என்று எப்படித் தெரியும், இதைவிட நல்ல கேள்வியை முப்பது வருஷத்தில் ஒரு கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு நிதிக்குழுக் கூட்டம், பல்வலி வேறு. 'எல்லாத்தையும் ஸ்பூன்ல ஊட்டணுமா அப்சல்? சொந்தமா யோசிக்கவே மாட்டீங்களா?' என்றேன். சத்தமாகவே. அவன் காது சிவந்ததைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் முறைக்காக ஜெர்லின் நின்றிருந்தாள். அவளும் ஏதோ கேட்கத்தான் வந்திருந்தாள். 'என்னம்மா?' என்றதற்கு, 'ஒண்ணுமில்ல மேம், சும்மா' என்று போய்விட்டாள். அதிலிருந்து இரண்டு பேரும் எதையும் கேட்பதில்லை. நன்றாகத் தேறிவிட்டார்கள் என்று மதிப்பீட்டு அறிக்கையில் எழுதினேன்.

ஒன்பது புள்ளி ஏழு எட்டு. அந்தக் கதையை நான் எதற்குச் சொன்னேன்? அவர்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கேன்டீனில், இரண்டும் மிரண்டுபோய் பஜ்ஜியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தன, சிரிக்கவைக்கலாம் என்று சொன்னேன். நான் பி.எஸ்சி. முதலாண்டு படித்தபோது, நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி, ஆட்ட நேரத்தை அளந்து, பூமியின் ஈர்ப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் சோதனை. விடை ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும், உலகத்துக்கே தெரியும். எனக்கு ஒன்பது புள்ளி இரண்டு வந்தது. லேப் மேடம் சிவப்பு மையால் வட்டம் போட்டு 'சரி செய்க' என்று எழுதி நோட்டைத் தூக்கிப் போட்டார். திரும்ப ஆட்டினேன், மறுபடி ஒன்பது புள்ளி இரண்டு. பக்கத்து மேஜை ராஜாத்திதான் காதோரம் சொன்னாள்: 'எதுக்குடி திரும்பத் திரும்ப ஆட்டிட்டு இருக்க? விடையிலிருந்து பின்னாடி போட்டுட்டு வா. அதுக்காக ஒம்பது புள்ளி எட்டுன்னே எழுதிடாத, சந்தேகம் வரும். ஒம்பது புள்ளி ஏழு எட்டு போடு.' போட்டேன். பத்துக்குப் பத்து, வெரி குட். கேன்டீனில் இதைச் சொல்லி நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன், அப்சல் சிரித்தான், ஜெர்லின் பஜ்ஜியை எடுத்துக் கடித்தாள். சிரித்த கையோடு, அப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருப்பேனா. ஞாபகத்தை எவ்வளவு கசக்கினாலும் சிரிப்புச் சத்தம்தான் கேட்கிறது. அந்த ஒன்பது புள்ளி இரண்டு எதனால் வந்தது என்று யோசிக்கிறேன், முப்பத்தைந்து வருஷம் கழித்து, இந்த நாற்காலியில். நூலைத் தப்பாக அளந்தேனா, கடிகாரம் மெதுவாக ஓடியதா. தெரியாது, இனித் தெரியவே தெரியாது. அழிரப்பரால் அழித்துவிட்டேன்.

மடிக்கணினியைத் திறந்து பழைய வரைவுக் கோப்பை எடுக்கிறேன். என் குறிப்பு இன்னும் இருக்கிறது, தேதி நேரத்தோடு, திங்கட்கிழமை காலை பதினொன்று. அதற்குக் கீழே ஜெர்லினின் பதில்: 'சரி பண்ணிட்டேன் மேம்.' செவ்வாய், இரண்டு நாற்பது. அதற்குக் கீழே என் பதில்: 'குட்.' செவ்வாய், இரண்டு நாற்பத்தொன்று. இதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஓட்டத்தைத் திரும்ப ஓட்ட ஆறு நாள் ஆகும். நாலுக்கும் சேர்த்து மூன்று வாரத்துக்கு மேல். திங்கட்கிழமை சொன்னது செவ்வாய்க்கிழமை எப்படி முடியும்? எல்.கே.ஜி. கணக்கு. நான் கேட்கவில்லை, ஏனென்றால் படம் அழகாக இருந்தது. இருபதும் ஒரே கோட்டில் இருந்ததைப் பார்த்து எனக்கு எவ்வளவு நிம்மதி, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, எழுந்துபோய் ஒரு டீ குடித்தேன். இந்தக் குறிப்பு மூன்றையும் இப்போது ஒரே சொடுக்கில் அழிக்கலாம். அழித்தால் யாருக்குத் தெரியும்? குரல் செய்தி அவள் போனிலும் என் போனிலும் மட்டும்தான். புரூஃபுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, ஆறு மாசம் கழித்து, சத்தமில்லாமல் ஒரு திருத்தம் போடலாம். அல்லது இப்போதே, இளம் ஆய்வாளர் ஒருவர் எனக்குத் தெரியாமல் தரவை மாற்றிவிட்டார் என்று எழுதலாம். அதில் பொய் இல்லை, எனக்குத் தெரியாதுதான். என் ஆய்வுத் திட்டத்தை நீட்டிப்பார்களா என்று செப்டம்பரில் முடிவாகும். எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ். சுட்டி அந்தக் குறிப்பின்மேல் நிற்கிறது, குப்பைத்தொட்டிப் படம் எட்டிப் பார்க்கிறது. எனக்கே என்னைப் பார்த்துத் தூக்கிவாரிப்போடுகிறது. டக்கென்று மடிக்கணினியை மூடிவிட்டு ஜெர்லினைக் கூப்பிடுகிறேன்.

'மேம், கேட்டீங்களா வாய்ஸ்?' பின்னால் குழாய்ச் சத்தம், ஹாஸ்டலில் துணி அலசுகிறாள். 'கேட்டேன். ஜெர்லின், நீ மாத்தறதுக்கு முன்னாடி இருந்த அந்த நாலு நம்பர் எங்க?' 'ஃபைல்ல பழச அழிச்சு அதுமேலயே எழுதிட்டேன் மேம்.' 'வேற எங்கயும் இல்லையா?' என்றேன். 'நோட்டுல இருக்கும் மேம். அடிச்சிட்டுப் பக்கத்துலதான் புதுசு எழுதுனேன். எடுத்துட்டு வரட்டா?' செருப்புச் சத்தம் போகிறது, வருகிறது, பக்கங்கள் புரள்கின்றன. 'மைனஸ் முப்பத்தொண்ணு. மைனஸ் இருபத்தெட்டு. மைனஸ் முப்பத்தஞ்சு. மைனஸ் முப்பது.' மழை அத்தனை சதவீதம் குறைவு. 'எந்தெந்த ஓட்டம்?' 'மூணு, எட்டு, பன்னெண்டு, பத்தொம்பது மேம்.' மூன்று, எட்டு, பன்னிரண்டு, பத்தொன்பது. இந்த நாலையும் தேர்ந்தெடுத்தவள் நான்தான். வங்கக் கடல் முன்னதாகவே குளிர்ந்துவிட்ட வருஷங்களிலிருந்து தொடங்கும் ஓட்டங்கள், அவை மட்டும்தான் அப்படி, இருபதில் நாலு. நாலும் ஒரே வகை. அலகு மாறவும் இல்லை, கோப்பு கெடவும் இல்லை. கடல் குளிர்ந்த வருஷத்தில் தூவினால் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், கட்டுரையில் இருந்த ஒரே புதுச் செய்தி அதுதான், அதைத்தான் நான் சரியில்லை என்று எழுதினேன். 'மேம்? ஏன் கேக்கீங்க? சரிதான?' என்கிறாள். 'சரி' என்று சொல்ல வாய் தானாகத் திறந்துவிட்டது, எந்தப் போன் பேச்சையும் சரி சரி என்று முடித்துப் பழகிய வாய். 'சரியில்ல ஜெர்லின். வந்த நம்பரை மாத்தவே கூடாது. அந்த நாலும்தான் நெஜம்.' குழாய் நின்றது. 'நீங்கதான மேம் சரி பண்ணச் சொன்னீங்க?' குற்றம் சாட்டும் குரல் இல்லை, நிஜமாகவே கேட்கிறாள். 'ஆமா, நான்தான் சொன்னேன். என்ன பண்ணினேன்னு கேக்காம குட்னு போட்டதும் நான்தான். உன் தப்பைவிட அது பெருசு.' அப்புறம் சின்னக் குரலில், 'என் பேர எடுத்துருவீங்களா மேம்? அப்பா எல்லார்ட்டயும் காட்டிட்டாங்க' என்றாள். அழாதே என்று சொல்லலாம், எடுக்கமாட்டேன் என்று சொல்லலாம், இரண்டுக்கும் என்னிடம் உறுதி இல்லை. 'கட்டுரையே இப்ப வராதும்மா. மறுபடி எழுதணும். பத்திரிகைக்காரங்க நம்ம ரெண்டு பேரையும் என்ன சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியல. என்ன கேட்டாலும் நடந்ததைச் சொல்லு, நானும் அதையேதான் சொல்லுவேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. நாளைக்கு அப்சலையும் கூட்டிட்டு வா.' கொஞ்சம் யோசித்து, 'கேள்வியோட வாங்க' என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மணி ஒன்பது ஐம்பது. பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம். ஆங்கிலத்தில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு, யார் செய்தார் என்று சொல்லாமலே எதையும் சொல்லிவிடலாம். தரவு கையாளப்பட்டபோது பிழை நேர்ந்துவிட்டது. யார் கையாண்டது? காற்று. முப்பது வருஷம் இந்த பாஷையில்தான் பிழைத்திருக்கிறேன், வெப்பம் அளக்கப்பட்டது, முடிவு எட்டப்பட்டது, ஒரு கட்டுரையிலும் நான் என்று எழுதியதில்லை, எழுதிய பிள்ளைகளுக்கும் அதைக் கோடு போட்டு அடித்துக் கொடுத்திருக்கிறேன். முதல் வரைவில் 'அனுபவமில்லாத இணை ஆசிரியரால்' என்று தானாக வந்து விழுந்தது. படித்தேன், அழித்தேன். மறுபடி எழுதினேன்: மூன்றாம் படத்தில் நாலு மதிப்புகள் மாற்றப்பட்டவை. மாற்றியவருக்குத் தெளிவில்லாத உத்தரவைக் கொடுத்தது நான். வந்ததைச் சரிபார்க்காமல் ஏற்றதும் நான். முடிவுரை தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், உண்மையான மதிப்புகள் மழை குறைவதைக் காட்டுகின்றன. வரைவுக் கோப்பின் குறிப்புகள் மூன்றையும் படமாக இணைத்தேன், 'குட்' உள்பட. அனுப்பு என்பதை அழுத்தினேன். போனது. பெரியவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், பக்கத்து நாற்காலி காலி. போனில் ஜெர்லினின் போட்டோ வந்திருக்கிறது: கோடு போட்ட நோட்டு, நீலப் பேனா, நாலு எண்கள், ஒவ்வொன்றின்மேலும் ஒரே ஒரு மெல்லிய கோடு. கீழே இருப்பதை நன்றாகப் படிக்க முடிகிறது. நல்லவேளை, அவளிடம் அழிரப்பர் இல்லை.

'தமயந்தி மேடம்!' ரத்தம் எடுக்கும் பெண், மார்பில் கற்பகம் என்று பெயர்ப் பட்டை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறேன், ரப்பர் பட்டையை இறுக்குகிறாள், பஞ்சால் துடைக்கிறாள், ஜில்லென்கிறது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கேட்பதை அதே ராகத்தில் கேட்கிறாள்: 'வழக்கமா சாப்பிடறதைத்தானே மேடம் சாப்பிட்டீங்க?' மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நான் சொல்கிற ஆமா தொண்டைவரை வந்துவிட்டது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் பார்த்து வெரி குட் என்கிறார். மற்ற நாளெல்லாம் நாலு இட்லி, கெட்டிச் சட்னி, பொடி, நல்லெண்ணெய், மேலே ஒரு ஸ்வீட் காபி. வருஷத்தில் நாலு நாள் மட்டும் இரண்டு இட்லி. எவ்வளவு நாளாக? 'இல்லம்மா' என்கிறேன். அவள் கை நின்றுவிட்டது. 'இல்லைன்னு யாருமே சொன்னதில்ல மேடம்' என்று என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். 'அப்ப இந்த ரிசல்ட்டை நம்ப முடியாதே. எடுக்கட்டுமா, வேணாமா?'

'எடும்மா. என்ன வருதோ அதைப் போடு. பக்கத்துல ரெண்டு இட்லின்னு எழுதிடு.'